மெல்லிசு லேப்டாப் வாங்கப் போறீங்களா? கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடையில் நாலு கம்பெனியின் மெல்லிசு லேப்டாப்பை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் தெரியாது. விலைச் சீட்டைப் பார்த்தால்தான் ஒன்று இன்னொன்றின் இரண்டு மடங்கு என்பது தெரியும். விளம்பரத்தில் மில்லிமீட்டரையும் கிராமையும்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இவ்வளவு மெல்லிசாக்க உள்ளேயிருந்து எதை எடுத்தார்கள், எடுத்ததில் எனக்குத் தினமும் வேண்டியது ஏதாவது போய்விட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கதை 2008 ஜனவரியில் தொடங்கியது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. கூட்டம் கைதட்டியது. ஆனால் அதில் சிடி டிரைவ் இல்லை, நெட்வொர்க் கேபிள் சொருக இடமில்லை, யுஎஸ்பி ஒன்றே ஒன்று, பேட்டரியை நாமாகக் கழற்றவும் முடியாது. 2011ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரைக் கொண்டுவந்ததும் மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. ஆளுக்கொரு சாமானை எடுத்தார்கள். அந்த வித்தியாசம் இன்று வரை இருக்கிறது. கம்பெனிகளை ஒப்பிடுவது என்றால் அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

நெட்டில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவை. திருப்பூர் நிட்டிங் யூனிட்டின் பஞ்சு, கரூரின் ஏப்ரல் வெயில், மாதாந்திர கரண்ட் ஷட்டவுன் எதுவும் அவர்கள் கணக்கில் வராது. அதையும் சேர்த்துத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் படி: லேப்டாப்பைப் பார்க்காதீர்கள், சாஃப்ட்வேரைப் பாருங்கள்

நீங்கள் தினமும் திறக்கும் சாஃப்ட்வேர், தினமும் சொருகும் பொருள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே பாதி மாடல்களைக் கழித்துவிடும்.

டேலி பிரைம் விண்டோஸுக்கான சாஃப்ட்வேர். மேக்கில் நேரடியாக ஓடாது. ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்குகளில் முன்பு போல இன்னொரு பக்கம் விண்டோஸ் போட்டுக்கொள்ளும் பூட் கேம்ப் வசதியும் கிடையாது. வேறு ஒரு சாஃப்ட்வேர் வாங்கி, அதற்குள் விண்டோஸை ஓட்ட வேண்டும். கணக்கு வழக்குதான் உங்கள் முக்கிய வேலை என்றால் அந்தச் சுற்று வழி எதற்கு?

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஆடிட்டர் ஆபீஸ், டெண்டர் போடும் கான்ட்ராக்டர், ஏற்றுமதிக் கம்பெனி எல்லோரிடமும் அந்தச் சின்ன யுஎஸ்பி டோக்கன் உண்டு. அது பழைய அகல யுஎஸ்பியில் சொருகுவது. அது வேலை செய்ய ஒரு டிரைவரும் (சொருகிய பொருளை லேப்டாப்போடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) வேண்டும். குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் 2024ல் வந்தன. பேட்டரி நன்றாக நிற்கும், சூடு குறைவு. ஆனால் அவை வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்பிலிருந்து வேறான ஏஆர்எம் வகை. பழைய சாஃப்ட்வேரை மொழிமாற்றி ஓட்டிவிடும், பழைய டிரைவரை அப்படி ஓட்டாது. டோக்கன், பழைய பிரிண்டர், பார்கோடு பிரிண்டர், கேட் (CAD) என்ற டிசைன் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொருகும் லாக் டாங்கிள் எல்லாம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பனியன் கம்பெனியின் கேட் ரூமுக்கு ஏஆர்எம் லேப்டாப் வாங்குவதற்கு முன், சாஃப்ட்வேர் விற்றவரைக் கூப்பிட்டு "ஏஆர்எம் டிரைவர் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைக்கு என்றால் இன்னொரு விஷயம். த்ரீடி டிசைன், சிமுலேஷன் எல்லாம் மெல்லிசு லேப்டாப்புக்கான வேலை இல்லை. கிராபிக்ஸ் கார்டு உள்ள கனமான மெஷினைத்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம். பிள்ளைகளுக்கு மெல்லிசு தாராளமாகப் போதும்.

இரண்டாம் படி: எடையை நீங்களே போடுங்கள்

கம்பெனி சொல்லும் தடிமன் சில சமயம் மிக ஒல்லியான ஓரத்தில் எடுத்த அளவு. முதல் மேக்புக் ஏரையே 4 மி.மீ. என்று சொன்னார்கள். தடித்த இடத்தில் அது 19.4 மி.மீ. அடியில் இருக்கும் ரப்பர் கால்களையும் பல பேர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடையிலும் இப்படித்தான். பையில் போவது லேப்டாப் மட்டும் இல்லையே, கூடவே அடாப்டர், அதன் கேபிள், மானிட்டர், புரொஜெக்டருக்கான எச்டிஎம்ஐ டாங்கிள், யுஎஸ்பி ஹப் எல்லாம் போகும். ஒரு கிலோ லேப்டாப்புக்கு டாங்கிள், ஹப் என்று கால் கிலோ கூடுதல் சாமான் வேண்டுமென்றால், எல்லா போர்ட்டும் உள்ள 1.2 கிலோ லேப்டாப் கிட்டத்தட்ட அதே எடைதான். தொல்லையும் கம்மி. ஒப்பிடும்போது இந்த மொத்த எடையைத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: பின்னால் மாற்ற முடியாததை இப்போதே சரியாக வாங்குங்கள்

மெல்லிசில் பெரும்பாலும் ரேம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) போர்டோடு ஒட்டி வரும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் இன்னும் ஒரு படி மேல்: ரேம் பிராசசரோடேயே சேர்ந்து வருகிறது, 16 ஜிபி அல்லது 32 ஜிபி மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிராசசர் எண்ணின் கடைசி இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32. அதாவது 256வி என்றால் 16, 258வி என்றால் 32. விலைச் சீட்டில் தப்பாக அச்சடித்திருந்தாலும் இது பொய் சொல்லாது.

கடையில் கேட்டுப் பாருங்கள்: "ஏனுங்க, இதுல பின்னாடி ரேம் சேத்திக்கலாமுங்களா?"

"ஆகாதுங்க, போர்டுலயே ஒட்டி வருதுங்க" என்று பதில் வந்தால் நல்ல கடை. "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து கம்பெனியின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

இன்றைக்கு 16 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம். 8 ஜிபி மாடல் பத்தாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், மூன்று வருடம் கழித்து அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்தாலும் ரேமைக் கூட்ட முடியாது. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க ரேமை 16 ஆக்கிவிட்டது. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியல்ல. பல விண்டோஸ் லேப்டாப்புகளில் பின்னால் மாற்றலாம், மேக்கில் மாற்ற வழியில்லை.

பிராசசர் பெயரில் ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்ணைவிட கடைசி எழுத்துதான் முக்கியம். யு, வி என்றால் மின்சாரம் குறைவாக இழுப்பவை. எச் என்றால் வேகமும் சூடும் கூட. மிக மெல்லிசான உடம்பில் எச் சிப்பைத் திணித்திருந்தால் அதன் முழு வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான் கிடைக்கும். அப்புறம் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: சூடும் பஞ்சும்

நம்ம ஊருக்கு இதுதான் பெரிய படி.

பல்லடம், சோமனூர் பக்கம் தறிக் குடோனிலோ, திருப்பூரில் நிட்டிங் மெஷின் பக்கத்து ஆபீஸிலோ ஒரு வருடம் ஓடிய லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபேன் சுத்தமாக இருப்பது போலத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் விஷயம் வெளியே வரும். ஃபேனுக்கும் செம்புத் தகடு வரிசைக்கும் நடுவே பஞ்சு சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டாகவே படிந்திருக்கும், இடுக்கியால் பிடித்து இழுத்தால் அப்படியே முழுத் துண்டாக வரும். காற்று வெளியே போக வழியில்லை. ஃபேன் கத்தும், லேப்டாப் மெதுவாகும், வாங்கியவர் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிப்பார். பொள்ளாச்சி பக்கம் தென்னை நார் மில்களிலும் இதே கதைதான், அங்கே பஞ்சுக்குப் பதில் நார்த் தூள். மெல்லிசு லேப்டாப்பில் அந்தத் தகடுகளுக்கு இடையில் உள்ள சந்தே மிகச் சிறியது. அதனால் சீக்கிரம் அடைக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஃபேனே இல்லாத லேப்டாப். 2020ல் வந்த எம்1 சிப் மாடலிலிருந்து மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது. பஞ்சு உள்ளே இழுபட வழியே இல்லை. மில் ஆபீஸில் மெயிலும் எக்செலும் பார்க்கிறவருக்கு இது பெரிய சௌகரியம். இரண்டு, ஃபேன் உள்ளதை வாங்குவதென்றால் அடி மூடி சாதாரண ஸ்க்ரூவில் கழல்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க முடிய வேண்டும். ரப்பர் காலுக்கு அடியில் ஸ்க்ரூவை ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கால் பிய்ந்து வரும்.

ஆனால் ஃபேன் இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. மேக்புக் ஏரை 10 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் 40ஐத் தொடும் நாட்கள் சாதாரணம். தகரக் கூரை போட்ட குடோனில் இன்னும் மேலே போகும். அந்தச் சூட்டில் வீடியோ எடிட் செய்தால் ஃபேன் இல்லாத மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தே தீரும். ஏசி இல்லாத இடத்தில் கனமான வேலை என்றால் ஃபேன் உள்ளதே நல்லது. கோவையில், அதுவும் காற்று வரும் வீட்டில் இருப்பவர் இதற்கு ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

கடையில் பார்க்க ஒரு வழி: ஒரு வீடியோவை முழுத் திரையில் ஓட விட்டு, கால் மணி நேரம் மற்ற மாடல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் கீபோர்டுக்கு மேலேயும் அடியிலும் கை வைத்துப் பாருங்கள். சூட்டுக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள். திரையின் அடியில் மோதி வந்தால் பரவாயில்லை, மவுஸ் பிடிக்கும் கைப்பக்கம் வந்தால் தினமும் எரிச்சல்தான்.

ஐந்தாம் படி: திரை, கீபோர்டு

கடை வெளிச்சத்தில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். வாசல் பக்கம் கொண்டு போய்ப் பாருங்கள். 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) திரை தோட்டத்து வீட்டுத் திண்ணையில் மங்கிவிடும், 400க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம். ஓஎல்இடி திரையில் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஜன்னல் பின்னால் இருந்தால் உங்கள் முகம்தான் தெரியும். டேலி போல ஒரே திரையை நாள் முழுக்க வைத்திருப்பவருக்கு, அந்தக் கோடுகள் காலப்போக்கில் திரையில் தங்கும் அபாயமும் உண்டு. கணக்கு வேலைக்கு பளபளப்பில்லாத ஐபிஎஸ் (எல்சிடி வகை) திரையே என் தேர்வு.

பனியன் கம்பெனியில் பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சன்டைசர்கள், நிற அளவு '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்ட திரையைத் தொடவே வேண்டாம், அதில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி கேளுங்கள். அப்படி வாங்கினாலும் பையர் அனுப்பிய படத்தைத் திரையில் பார்த்து ஷேடுக்கு ஓகே சொல்லிவிடாதீர்கள். லேப் டிப்பை (சாயம் போட்ட மாதிரித் துணி) லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பதற்கு எந்த லேப்டாப்பும் ஈடாகாது.

கீபோர்டுக்கு ஒரே சோதனைதான். நடுவில், ஜி எழுத்துப் பக்கம் கட்டை விரலால் அழுத்துங்கள். பலகை குழிந்தால் இரண்டு வருடத்தில் தட்டுவதே சலிப்பாகிவிடும்.

ஆறாம் படி: பேட்டரி மணி நேரத்தை நம்பாதீர்கள், வாட்-அவரைக் கேளுங்கள்

வாட்-அவர் என்பது பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு. இது சும்மா ஒரு வகுத்தல் கணக்குதான். எம்2 மேக்புக் ஏர் 13 அங்குலத்தின் பேட்டரி 52.6 வாட்-அவர். ஆப்பிள் சொல்வது 15 மணி நேர இணைய வேலை. வகுத்தால் சராசரியாக மூன்றரை வாட் வருகிறது. வெளிச்சத்தைக் குறைத்து, ஒன்றிரண்டு பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு அது சரி. நீங்கள் இருபது டேப், எக்செல், வாட்ஸ்அப் வெப், முழு வெளிச்சம் என்று ஓட்டினால் பத்து வாட் கூட இழுக்கலாம். அப்போது இதே பேட்டரி ஐந்தே கால் மணி நேரம்தான். 72 வாட்-அவர் உள்ள ஜென்புக் எஸ் 14 அதே பத்து வாட்டில் ஏழு மணி நேரம் தரும். மாதாந்திர ஷட்டவுன் காலை ஒன்பது மணிக்குப் பிடித்தால் சாயங்காலம்தான் கரண்ட் வரும் என்பதை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் 65 வாட் பவர் பேங்க் ஒன்று போதும், கோவை எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேரும் வரை கவலையில்லை.

இன்னொன்று, சார்ஜில் இருக்கும்போது உலோக உடம்பைத் தொட்டால் சுள்ளென்று ஒரு கூச்சம் வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு பின் அடாப்டரில் எர்த் கிடையாது, சின்னக் கசிவு உடம்பில் தெரிகிறது. மூன்று பின் கேபிள் போட்டால் நிற்கும். அதற்கும் நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் இது சகஜம்.

ஏழாம் படி: கம்பெனி வாரியாக

மேக்புக் ஏர்: 13 அங்குலம் எம்2 முதல் 1.24 கிலோ, 11.3 மி.மீ. எடுத்தது: ஃபேன், அகல யுஎஸ்பி, எச்டிஎம்ஐ. இருப்பது இரண்டு டைப்-சி, தனி சார்ஜிங் முனை, ஹெட்போன் ஓட்டை. எம்2ல் வெளியே ஒரு மானிட்டர்தான். எம்3ல் மூடியை மூடினால் இரண்டு. எம்4ல்தான் திறந்து வைத்தே இரண்டு. பழைய மாடல் மலிவாகக் கிடைக்கும்போது இதைக் கவனியுங்கள்.

டெல் எக்ஸ்பிஎஸ் 13: பார்க்க அழகு, கட்டுமானம் கெட்டி. 2024 மாடல் 1.19 கிலோ. ஆனால் எடுத்ததில் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார்கள். இரண்டு டைப்-சி தவிர எதுவுமில்லை, ஹெட்போன் ஓட்டை கூட இல்லை. மேல் வரிசைச் சாவிகளுக்குப் பதில் தொடு பட்டை. டேலியில் எஃப் சாவிகளைக் கண் பார்க்காமல் தட்டிப் பழகியவர்களுக்கு இது ஒத்தே வராது.

லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்: 2012லிருந்து வரும் வரிசை. பன்னிரண்டாம் தலைமுறை 14 அங்குலத்தில் 1.09 கிலோ. அதற்குள் இரண்டு அகல யுஎஸ்பி, முழு எச்டிஎம்ஐ, இரண்டு தண்டர்போல்ட் (வேகமான டைப்-சி). டோக்கன் சொருகுகிறவர்களுக்கு டாங்கிளே வேண்டாம். எடுத்தது உங்கள் பணத்தை மட்டும்தான், விலை நன்றாகவே உறைக்கும்.

அசூஸ் ஜென்புக்: எஸ் 13 ஓஎல்இடி ஒரு கிலோவில் எச்டிஎம்ஐ, அகல யுஎஸ்பி, ஹெட்போன் எல்லாம் வைத்துக் காட்டியது. எஸ் 14 அதைவிடக் கொஞ்சம் கனம், 1.2 கிலோ. ஏ14 ஒரு கிலோவுக்கும் கீழே, ஆனால் ஸ்னாப்டிராகன். முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காசுக்குச் சாமான் என்று பார்த்தால் என் ஓட்டு எஸ் 14க்கு.

எல்ஜி கிராம்: 17 அங்குலத் திரை 1.35 கிலோவில் வேறு யாரும் எளிதில் தருவதில்லை. பல மாடல்களில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமும் உண்டு. மக்னீசியக் கலவை உடம்பு, கையில் பிடித்தால் பிளாஸ்டிக் போல இலேசாக வளையும். கீபோர்டின் நடுவில் அழுத்தும் சோதனையை இதில் கட்டாயம் செய்யுங்கள். அகலமான எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாம்சங் கேலக்ஸி புக்4 புரோ 14 அங்குலம் 1.23 கிலோ, திரை அருமை, போர்ட்டுகளும் உண்டு. எச்பி பெவிலியன் ஏரோ 13 சுமார் ஒரு கிலோவில் விலை குறைந்த வழி. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப்பின் 2024 மாடல் 13.8 அங்குலம் 1.34 கிலோ, திரை உயரமாக இருப்பதால் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். அதிலும் ஸ்னாப்டிராகன்தான், பார்த்து வாங்குங்கள்.

ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய திங்க்பேட் எக்ஸ்1 வாங்கலாமா? வாங்கலாம், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறையாக ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14லேயே முடிந்துவிட்டது.

எட்டாம் படி: சர்வீஸ், பில், முதல் வாரம்

கம்பெனியின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு அருகில் எந்த சர்வீஸ் சென்டர் என்று பாருங்கள். தாராபுரத்திலோ கோபியிலோ இருப்பவர் ஒரு கீபோர்டுக்காக இரண்டு தடவை கோவை போய்வரும் செலவையும் லேப்டாப் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 'ஆன்சைட்' வாரன்ட்டி என்றால் ஆள் வீடு தேடி வருவார். 'கேரி-இன்' என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மெல்லிசுத் திரை ஒரு பேனா மூடி இடையில் மாட்டினாலே உடையும், அதை வாரன்ட்டி ஏற்காது. தற்செயல் சேதக் காப்பு தனியாக விற்பார்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் அதில் பிடிக்காதீர்கள்.

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தொழிலுக்கு வாங்குகிறீர்கள் என்றால் பில் போடும் முன்பே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றித் தர மாட்டார்கள். உள்ளீட்டு வரி வரவு எடுத்தால் விலை ஒப்பீடே மாறிவிடும். பில்லில் உள்ள சீரியல் எண், பெட்டியில் உள்ளது, லேப்டாப்பின் அடியில் உள்ளது மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து powercfg /batteryreport என்று தட்டி பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புது லேப்டாப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கடையில் டிஸ்பிளேக்கு ஓடியதாக இருக்கலாம், உடனே கேளுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு, காலையில் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சில விண்டோஸ் லேப்டாப்புகள் மூடியிருக்கும்போதும் பைக்குள் விழித்துக்கொண்டு சூடாகும். அப்படியிருந்தால் மூடியை மூடினால் ஸ்லீப் என்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். டோக்கன், பிரிண்டர், புரொஜெக்டர் எல்லாவற்றையும் அந்த வாரத்துக்குள்ளேயே ஒருமுறை சொருகிப் பார்த்துவிடுங்கள். மாற்றித் தர கடைக்காரர் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.